பற்களைச் சுத்தமாகவும் உறுதியாகவும் காப்பது எப்படி: பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

பெரும்பாலோர் நாள்தோறும் பல் துலக்குகிறார்கள். அப்படியிருந்தும் பற்சொத்தையும் ஈறு நோயும் உலகில் மிகப் பரவலாகக் காணப்படும் நோய்களாகவே நீடிக்கின்றன. இதற்குச் சோம்பல்தான் காரணம் என்று சொல்லிவிடுவது எளிது; ஆனால் எதை அகற்றுவதற்காகத் துலக்குகிறோம் என்பதை யாரும் நமக்குத் தெளிவாகச் சொல்லித் தராததே முதன்மையான காரணம் என்று நான் கருதுகிறேன். பற்கள் வெள்ளையாகத் தெரிய வேண்டும், வாய் மணக்க வேண்டும் என்ற இரண்டை மட்டும் குறிக்கோளாகக் கொண்டு துலக்கினால், கண்ணாடியில் தெரியும் முன்பக்கம் மட்டுமே சுத்தமாகும். நோய் தொடங்குவதோ ஈறோரத்திலும், பல்லிடுக்கிலும், கடைவாய்ப் பற்களின் மேற்பரப்பில் உள்ள பள்ளங்களிலும். இந்த மூன்று இடங்களையும் நாள்தோறும் எட்டுவது எப்படி என்பதே இந்த வழிகாட்டியின் பொருள்.

எதை அகற்றத் துலக்குகிறோம்

நெதர்லாந்தைச் சேர்ந்த ஆண்டனி வான் லீவன்ஹூக், 1683-ஆம் ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். நாள்தோறும் காலையில் உப்பால் பல் தேய்த்து வாய் கொப்பளிப்பது தம் வழக்கம் என்று அதில் குறிப்பிட்ட அவர், அவ்வளவு செய்தும் பற்களின் இடையே மாவுபோன்ற வெண்பசை தங்கியிருந்ததையும், அதைத் தாமே செய்த நுண்ணோக்கியில் பார்த்தபோது எண்ணற்ற நுண்ணுயிர்கள் அசைந்துகொண்டிருந்ததையும் விவரித்தார். பாக்டீரியாவை மனிதர் கண்ட முதல் தருணங்களில் இதுவும் ஒன்று. சிரத்தையோடு பல் தேய்த்த ஒருவரின் பல்லிடுக்கிலேயே அவை இருந்தன என்பதுதான் நமக்கு இதில் பாடம்.

அந்த வெண்பசையைப் பல் மருத்துவர்கள் 'பிளாக்' என்கிறார்கள். பற்படலம் என்று தமிழில் சொல்லலாம். அது உணவுத் துணுக்கு அன்று. பல்லின்மீது ஒட்டி வாழும் பாக்டீரியாக்களின் குடியிருப்பு. பல்லைத் துலக்கிய சில நிமிடங்களிலேயே உமிழ்நீரில் உள்ள புரதங்கள் பல்லின்மீது மெல்லிய பூச்சாகப் படிகின்றன. அதைப் பிடித்துக்கொண்டு பாக்டீரியாக்கள் வரிசையாகக் குடியேறுகின்றன. வாய் கொப்பளிப்பதால் மட்டும் இந்தப் படலம் போகாது. உராய்ந்து கலைத்தால்தான் போகும். கலைக்காமல் விட்டால், உமிழ்நீரில் உள்ள கால்சியம் முதலான தாதுக்கள் அதில் ஏறி, அது காரையாக இறுகிவிடும். இறுகிய காரையைப் பிரஷ்ஷால் அகற்ற முடியாது. பல் மருத்துவர்தான் அகற்ற வேண்டும்.

இந்தப் படலம் இரண்டு விதமாகத் தீங்கு செய்கிறது. முதலாவது சொத்தை. நாம் உண்ணும் சர்க்கரையைப் படலத்தில் உள்ள பாக்டீரியாக்கள் அமிலமாக மாற்றுகின்றன. பல்லின் மேல்பூச்சான எனாமல் நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள். அதன் எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் தாதுக்களே. ஆயினும் பல்லின்மீது அமிலத்தன்மை கூடி, பி.எச். அளவு (அமிலம் கூடக் கூட இந்த எண் குறையும்) சுமார் 5.5-க்குக் கீழே இறங்கும்போது அந்தத் தாதுக்கள் கரையத் தொடங்குகின்றன. பிறகு உமிழ்நீர் மெல்ல அமிலத்தை முறித்து, இழந்த தாதுக்களில் ஒரு பகுதியைத் திரும்பத் தருகிறது. இதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகலாம். ஆகவே பல் என்பது நாள் முழுவதும் கொஞ்சம் இழந்து கொஞ்சம் பெற்றுக்கொண்டே இருக்கும் ஒன்று. இழப்பு வரவை மிஞ்சும்போது, ஈறோரத்தில் சுண்ணாம்புபோல் மங்கிய வெண்புள்ளி தோன்றுகிறது. இந்தக் கட்டத்தில் கவனித்தால் சொத்தையை நிறுத்தலாம், பெரும்பாலும் திருப்பவும் செய்யலாம். பரப்பு உடைந்து குழி விழுந்துவிட்டால் எனாமல் மீண்டும் வளராது. அதை உருவாக்கிய செல்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிட்டன.

சொத்தைக்குப் புழுதான் காரணம் என்ற நம்பிக்கை உலகின் பல பகுதிகளில் நெடுங்காலம் இருந்தது. பாக்டீரியாவின் அமிலமே காரணம் என்று அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லோபி மில்லர் 1890-இல் விளக்கினார். புழுவை எடுத்துக் காட்டுகிறேன் என்று எவரேனும் சொன்னால் அவரிடமிருந்து விலகிவிடுங்கள்.

இரண்டாவது தீங்கு ஈறுக்கு. ஈறோரத்தில் படலம் தேங்கும்போது ஈறு சிவந்து வீங்கி, தொட்டால் இரத்தம் கசிகிறது. 1965-இல் நார்வேயைச் சேர்ந்த ஹரால்டு லோ என்பவரும் அவருடைய குழுவினரும், ஆரோக்கியமான ஈறு கொண்ட 12 பேரை வாய்ச் சுத்தத்தை நிறுத்தி வைக்கச் செய்து பார்த்தார்கள். மூன்று வாரங்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி வந்தது. மீண்டும் சுத்தம் செய்யத் தொடங்கிய சுமார் ஒரு வாரத்தில் அது மறைந்தது. இதை நான் குறிப்பிடக் காரணம் உண்டு. இரத்தம் வருகிற இடத்தைப் புண் என்று எண்ணி, அங்கே பிரஷ்ஷைக் கொண்டுபோகாமல் தவிர்ப்பவர்கள் மிகப் பலர். நானும் ஒரு காலத்தில் அப்படியே செய்தேன். கசிவு பக்கத்துப் பற்களுக்குப் பரவியதே தவிர குறையவில்லை. இரத்தம் கசியும் ஈறு, தன்னை விட்டுவிடுமாறு கேட்கவில்லை. இன்னும் நன்றாகச் சுத்தம் செய்யுமாறு கேட்கிறது. மென்மையாக, ஆனால் தவறாமல் அந்த இடத்தைத் துலக்கினால் ஓரிரு வாரங்களில் கசிவு நிற்கும். நிற்காவிட்டால் காரை படிந்திருக்கலாம், அல்லது அழற்சி ஈறுக்குக் கீழே இறங்கி, பல்லைத் தாங்கும் எலும்பைத் தொட்டிருக்கலாம். கரைந்த எலும்பு தானாக மீளாது என்பதால் அப்போது மருத்துவரைப் பார்ப்பதில் தாமதம் கூடாது.

பிரஷ்ஷும் பற்பசையும்

பிரஷ்ஷைப் பொறுத்தவரை மூன்றே கேள்விகள் போதும். இழைகள் மென்மையானவையா? தலை சிறியதா, கடைசிக் கடைவாய்ப் பல்லின் பின்புறம் வரை செல்லுமா? மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறோமா? கடினமான இழைகள் நன்றாகச் சுத்தம் செய்யும் என்பது தவறான எண்ணம். அவை ஈறைக் கீழிறக்கி, பல்லின் கழுத்துப் பகுதியில் தேய்மானத்தை உண்டாக்கும். மூன்று மாதத்துக்கு முன்பே இழைகள் இரு பக்கமும் விரிந்துவிட்டால், நீங்கள் அளவுக்கு மீறி அழுத்தித் தேய்க்கிறீர்கள் என்று பொருள். மின்சார பிரஷ் சற்றுக் கூடுதலாகவே படலத்தை அகற்றுகிறது. கைவிரல்களை எளிதில் அசைக்க முடியாத முதியவர்களுக்கும் மூட்டுவாத நோயாளிகளுக்கும் அது பெரிய உதவி. மற்றவர்களுக்குச் சரியான முறையில் பயன்படுத்தும் சாதாரண பிரஷ்ஷே போதுமானது.

பற்பசையில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: ஃபுளோரைடு. அமிலத்தால் தாது இழந்த எனாமலில் ஃபுளோரைடு சேரும்போது, திரும்பப் படியும் தாது முன்னைவிட அமிலத்தைத் தாங்கும் தன்மை பெறுகிறது. பத்து லட்சத்தில் 1000 முதல் 1500 பங்கு வரை, அதாவது 1000 முதல் 1500 பி.பி.எம். வரை ஃபுளோரைடு உள்ள பற்பசை சொத்தையைத் தடுப்பதில் பலன் தருவது பல பத்தாண்டு ஆய்வுகளில் உறுதிப்பட்டிருக்கிறது. இந்த எண் பற்பசைக் குழாயின் பின்புறத்தில் அச்சிடப்பட்டிருக்கும். நறுமணமும் நுரையும் சுத்தத்தின் அளவுகோல்கள் அல்ல. கரித்தூள் கலந்தவையும், கரகரப்பான பொடிகளும், உடனடி வெண்மை தருவதாகச் சொல்பவையும் கறையோடு எனாமலையும் தேய்க்கக்கூடும். எனாமல் மெலிந்தால் உள்ளே இருக்கும் மஞ்சள் நிற டென்டின் கூடுதலாகத் தெரியும். வெண்மைக்காகத் தொடங்கியது பல்லை மஞ்சளாக்குவதில் முடியும்.

ஃபுளோரைடு அளவுக்கு மீறினால் தீங்கு என்பதும் உண்மை. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. நிலத்தடி நீரில் அது மிகுந்திருக்கும் பகுதிகளில், பற்கள் உருவாகும் வயதில் அந்த நீரைத் தொடர்ந்து குடிக்கும் குழந்தைகளின் பற்களில் வெள்ளைத் திட்டுகளும் பழுப்புக் கறைகளும் தோன்றுகின்றன. அப்படிப்பட்ட பகுதியில் வாழ்பவர்கள் முதலில் குடிநீரை மாற்ற வேண்டும். குழந்தையின் பற்பசை பற்றி மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். மற்ற இடங்களில், விழுங்காமல் துப்பும் சிறிதளவு பற்பசையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

துலக்கும் முறை, படிப்படியாக

பட்டாணி அளவு பற்பசை பெரியவர்களுக்கும் போதும். பிரஷ்ஷைக் கைப்பிடிக்குள் இறுக்கிப் பிடிக்காமல், பேனா பிடிப்பதுபோல் விரல் நுனிகளால் பிடியுங்கள். அழுத்தம் தானாகவே குறையும்.

ஒரு வரிசையை வகுத்துக்கொள்வது இரண்டாவது படி. எடுத்துக்காட்டாக, மேல் வலது ஓரத்தின் வெளிப்பக்கத்தில் தொடங்கி இடது ஓரம் வரை சென்று, அங்கிருந்து உள்பக்கமாகத் திரும்பி வந்து, அதேபோல் கீழ்வரிசையையும் முடியுங்கள். ஒழுங்கின்றித் துலக்குபவர்கள் ஒரே இடத்தைப் பலமுறை தேய்த்து, வேறோர் இடத்தை நாள்தோறும் விட்டுவிடுகிறார்கள். விடுபடும் அந்த இடம் பெரும்பாலும் கீழ்க் கடைவாய்ப் பற்களின் உள்பக்கமும், மேல் கடைவாய்ப் பற்களின் கடைக்கோடியுமாகவே இருக்கும். வாயை அகலத் திறந்தால் கன்னம் இறுகி பிரஷ் உள்ளே போகாது; பாதி மூடிய வாயில் மேல் கடைவாயின் வெளிப்பக்கத்தை எளிதில் எட்டலாம்.

மூன்றாவது படிதான் இவை அனைத்திலும் முக்கியமானது. பிரஷ்ஷின் இழைகளைப் பல்லும் ஈறும் சேரும் கோட்டில், ஏறக்குறைய 45 டிகிரி சாய்வில், ஈறை நோக்கி வையுங்கள். மேல்பற்களுக்கு மேல்நோக்கியும் கீழ்ப்பற்களுக்குக் கீழ்நோக்கியும் இந்தச் சாய்வு அமையும். இழைகளின் நுனி ஈறின் விளிம்புக்குள் சற்றே நுழையும்படி வைத்து, பிரஷ்ஷை இடம் மாற்றாமல், முன்னும் பின்னும் மிகச் சிறிய அசைவுகளாக, இரண்டு மூன்று பற்களுக்குப் பத்து அசைவு வீதம் அதிரச் செய்யுங்கள். பிறகு மணிக்கட்டைத் திருப்பி, ஈறிலிருந்து பல்லின் கடிக்கும் முனையை நோக்கிப் பிரஷ்ஷை உருட்டி இழுங்கள். கலைந்த படலம் வெளியேறிவிடும். அடுத்த இரண்டு மூன்று பற்களுக்கு நகருங்கள். சார்லஸ் பாஸ் என்ற அமெரிக்க மருத்துவர் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வகுத்த முறை இதன் அடிப்படை. பல் மருத்துவர்கள் இன்றும் இதையே சொல்லித் தருகிறார்கள். இடமும் வலமுமாக நீளமாக இழுத்துத் தேய்க்கும் பழக்கத்தை இதனால் மாற்றிக்கொள்ள வேண்டும். முதல் சில நாட்கள் கை பழகாமல் திணறும். கண்ணாடி முன் நின்று ஒரு வாரம் செய்தால் படிந்துவிடும்.

முன்பற்களின் உள்பக்கத்துக்கு பிரஷ்ஷை நெட்டுக்குத்தாகப் பிடித்து, அதன் முனைப்பகுதியால் ஈறிலிருந்து வெளிநோக்கி இழுக்க வேண்டும். கீழ் முன்பற்களின் உள்பக்கத்தில் இதைக் கூடுதல் கவனத்தோடு செய்யுங்கள். நாவின் கீழ் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய் அங்கே திறப்பதால் காரை முதலில் இறுகும் இடம் அதுவே. கடைசியாக, கடைவாய்ப் பற்களின் மெல்லும் பரப்பைக் குறுகிய அசைவுகளால் துலக்குங்கள்.

இவை அனைத்துக்கும் குறைந்தது இரண்டு நிமிடம் ஆகும். ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்துத் துலக்கிப் பாருங்கள். வழக்கமாக நீங்கள் எடுத்துக்கொள்ளும் நேரம் அதில் பாதிகூட இல்லை என்று தெரிய வரலாம்.

முடித்ததும் நுரையைத் துப்புங்கள். உடனே தண்ணீரால் கொப்பளிக்க வேண்டாம். பலருக்கு இது புதிய செய்தியாக இருக்கும். பற்பசையின் ஃபுளோரைடு பல்லின்மீது தங்கினால்தான் வேலை செய்யும். வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் அது கழுவிப் போய்விடும். வாயில் மிச்சம் இருக்கும் சுவை முதலில் உறுத்தும், ஒரு வாரத்தில் பழகிவிடும்.

நாளுக்கு இரண்டு முறை துலக்க வேண்டும். அவற்றுள் இரவுத் துலக்கலை எக்காரணத்தாலும் விடக் கூடாது. உறக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடுவதால் அமிலத்தை முறிக்க ஆள் இல்லை. இரவு உணவுக்குப் பின் துலக்காமல் படுப்பவரின் பல்லில் அந்த ஏழெட்டு மணி நேரமும் இழப்பே நடக்கிறது. துலக்கிய பின் தண்ணீரைத் தவிர வேறெதுவும் அருந்தாமல் உறங்கச் செல்ல வேண்டும். காலையில் உணவுக்கு முன் துலக்குவதா பின் துலக்குவதா என்பது அவரவர் வசதி. புளிப்பான பழங்களோ பழச்சாறோ அருந்தியிருந்தால் மட்டும், அமிலத்தால் இளகிய எனாமல் தேயாமல் இருக்க, அரை மணி நேரமாவது கழித்துத் துலக்குங்கள். வாந்தி எடுத்த பிறகும் இதே விதி பொருந்தும்: உடனே வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, துலக்குவதைத் தள்ளிப் போடுங்கள்.

பல்லிடுக்கு

பிரஷ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இரண்டு பற்கள் ஒன்றையொன்று தொடும் பக்கங்களுக்குள் அதன் இழை போகாது. பெரியவர்களின் சொத்தையும் ஈறு நோயும் பல நேரங்களில் அங்கேதான் தொடங்குகின்றன. ஆகவே நாளுக்கு ஒருமுறை, இரவில் துலக்குவதற்கு முன், இடுக்குகளைத் தனியாகச் சுத்தம் செய்ய வேண்டும்.

பற்கள் நெருக்கமாக இருப்பவர்களுக்கு ஃப்ளாஸ் எனப்படும் பல் நூல் ஏற்றது. சுமார் 45 சென்டிமீட்டர் நூலை எடுத்து, பெரும்பகுதியை இரு நடுவிரல்களில் சுற்றி, இடையே ஓரங்குல நீளத்தை மட்டும் இழுத்துப் பிடியுங்கள். அறுப்பதுபோல் மெல்ல அசைத்து இடுக்கில் இறக்குங்கள். சட்டென்று அழுத்தினால் ஈறு வெட்டுப்படும். உள்ளே இறங்கியதும் நூலை ஒரு பல்லின் பக்கவாட்டில் அணைத்து வளைத்து, ஈறின் விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை கொண்டுபோய், மேலும் கீழுமாக இரண்டு மூன்று முறை வருடுங்கள். அதே இடுக்கில் எதிர்ப் பல்லுக்கும் இப்படியே செய்ய வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒவ்வோர் இடுக்குக்கும் நூலின் புதிய பகுதியைப் பயன்படுத்துங்கள்.

இடுக்கு சற்று அகன்றிருந்தால், குட்டி பிரஷ்போல் இருக்கும் இடுக்கு பிரஷ் நூலைவிட நன்றாகச் சுத்தம் செய்யும், பழகுவதும் எளிது. இறுக்கமாக இல்லாமலும் தளர்வாக ஓடாமலும் பொருந்தும் அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே வாயில் இரண்டு அளவுகள் தேவைப்படலாம். குச்சியாலும் ஊசியாலும் குத்துவது இவற்றுக்கு மாற்று ஆகாது. அவை ஈறைக் காயப்படுத்தும்.

நாக்கின் பின்பகுதியில் படியும் வெண்படலமே வாய் நாற்றத்துக்குப் பெரும்பாலும் காரணம். நாக்கு வழிப்பானால் பின்னிருந்து முன்னாக மெதுவாக ஓரிரு முறை வழித்தால் போதும். வாய் கொப்பளிக்கும் மருந்து துலக்குவதற்கு ஈடு ஆகாது. குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்தது ஈறு நோய்க்கு நல்ல மருந்துதான். ஆனால் நீண்ட நாள் பயன்படுத்தினால் பல்லில் பழுப்புக் கறை படியும், சுவை உணர்வும் மாறும் என்பதால், மருத்துவர் சொன்ன காலத்துக்கு மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும்.

எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை முறை

மேலே சொன்ன அமிலக் கணக்கை நினைவில் வைத்தால் உணவு பற்றிய அறிவுரை தானாகவே விளங்கும். ஒருவர் ஒரு கிண்ணம் இனிப்பை மதிய உணவோடு சாப்பிட்டு முடிக்கிறார். மற்றொருவர் அதே அளவை நாள் முழுவதும் ஒவ்வொரு துண்டாக வாயில் போட்டுக்கொள்கிறார். முதலாமவரின் பல்லுக்கு ஓர் அமிலத் தாக்குதல். இரண்டாமவரின் பல்லுக்கு உமிழ்நீர் மீட்டெடுக்க இடைவெளியே கிடைப்பதில்லை. இனிப்பு கலந்த பானத்தை மணிக்கணக்கில் சிறிது சிறிதாக அருந்துவதும், ஒட்டும் மிட்டாயை அடிக்கடி சுவைப்பதும் இந்த வகையில் மிகக் கெடுதலானவை. இனிப்பை உணவு வேளையோடு வைத்துக்கொண்டு, இடைவேளைகளில் தண்ணீர் குடிப்பது எளிய விதி. சர்க்கரை இல்லாத குளிர்பானங்களும் அமிலத்தன்மை உள்ளவையே. சொத்தையை உண்டாக்காவிட்டாலும் அவை எனாமலைக் கரைக்கும். நாள்தோறும் நாம் பெறும் ஆற்றலில் சேர்க்கப்பட்ட சர்க்கரையின் பங்கு 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

குழந்தைகளின் பற்கள்

பால்பற்கள் எப்படியும் விழுந்துவிடும், அவற்றுக்கு எதற்கு வைத்தியம் என்று கேட்கும் பெற்றோரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் பால்பல் சுமார் ஆறாம் மாதத்தில் முளைக்கிறது. கடைவாய்ப் பால்பற்கள் சில 10 அல்லது 12 வயது வரை வாயில் இருக்கின்றன. அத்தனை ஆண்டுகள் குழந்தை மெல்லுவதும் பேசுவதும் அவற்றால்தான். அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப்பற்களுக்கு இடத்தைக் காத்து வைப்பவையும் அவையே. பால்பல்லின் எனாமல் மெல்லியது என்பதால் சொத்தை விரைவாக, பல்லின் உள்ளே நரம்பும் இரத்தக் குழாய்களும் உள்ள பற்கூழை எட்டிவிடும். சீழ் கட்டினால் குழந்தை உறங்காது, உண்ணாது, அடியில் உள்ள நிலைப்பல்லும் பாதிக்கப்படக்கூடும்.

ஆகவே முதல் பல் தெரிந்த நாளிலிருந்தே துலக்கத் தொடங்குங்கள். மூன்று வயது வரை பற்பசையின் அளவு ஓர் அரிசி மணி; மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி. 1000 பி.பி.எம். ஃபுளோரைடு உள்ளதாக இருக்கட்டும். பற்பசையைப் பெரியவர்தான் பிதுக்கித் தர வேண்டும். இனிப்புச் சுவை கொண்ட பற்பசைக் குழாய் குழந்தையின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும்.

யார் துலக்கிவிடுவது என்பதில்தான் மிகப் பெரிய தவறு நடக்கிறது. நான்கு வயதுக் குழந்தை தானே துலக்குகிறது என்று பெருமைப்படுவது இயல்பு; ஆனால் பல்லின் எல்லாப் பக்கங்களையும் எட்டும் கைத்திறன் ஏழு அல்லது எட்டு வயதுக்கு முன் வருவதில்லை. அதுவரை குழந்தை முதலில் துலக்கட்டும், பிறகு பெரியவர் ஒருமுறை துலக்கிவிடட்டும். சிறு குழந்தையை மடியில் மல்லாத்திக் கிடத்தித் தலையைத் தாங்கிக்கொள்ளலாம். நிற்கும் குழந்தைக்குப் பின்னால் நின்று, அதன் தலையை உங்கள் மார்பில் சாய்த்து, ஒரு விரலால் உதட்டை உயர்த்தி, சிறு வட்டங்களாகத் துலக்கலாம். அழுது முரண்டு பிடித்தால் அன்று முன்பற்களை மட்டும், மறுநாள் கடைவாயிலிருந்து என்று விட்டுக்கொடுத்துச் செல்லுங்கள். ஆனால் துலக்காமல் ஓர் இரவும் கழியக் கூடாது. பெற்றோர் துலக்குவதைப் பார்த்துக்கொண்டே வளரும் குழந்தை முரண்டு பிடிப்பது குறைவு.

மாதம் ஒருமுறை குழந்தையின் மேலுதட்டை உயர்த்தி, முன்பற்களின் ஈறோரத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். வெண்கோடு தெரிந்தால் அதுவே சொத்தையின் தொடக்கம். பழுப்பாக மாறும் வரை காத்திருக்க வேண்டாம். பாலோ பழச்சாறோ நிறைந்த புட்டியை வாயில் வைத்தபடியே குழந்தையை உறங்க வைக்கும் வழக்கமே இந்த வகைச் சொத்தைக்குப் பெரும்பாலும் காரணம். உறங்கும் புட்டியில் தண்ணீர் மட்டும் இருக்கலாம்; ஒரு வயதிலிருந்து கோப்பைக்குப் பழக்குங்கள். சூப்பானில் தேனோ சர்க்கரையோ தடவிக் கொடுக்கக் கூடாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் வேறு காரணத்தாலும் ஆபத்தானது. மருந்து சிரப்புகளில் சர்க்கரை இருக்கும் என்பதால், இரவு மருந்தை முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு துலக்குங்கள்.

பல் முளைக்கும்போது எச்சில் வடிவதும் எரிச்சலும் இயல்பு. கடும் காய்ச்சலுக்குப் பல் முளைப்பதைக் காரணமாகச் சொல்லிவிட்டு இருந்துவிடக் கூடாது, வேறு நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆறாம் வயதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வயதில், கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே முதல் நிலைக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. எதுவும் விழாததால் பெற்றோர் அதைப் பால்பல் என்றே நினைத்துவிடுகிறார்கள். வாழ்நாள் முழுவதும் இருக்க வேண்டிய அந்தப் பல் ஒன்பது வயதிலேயே சொத்தையாகி நிற்பதற்கு இந்தத் தவறான எண்ணம் ஒரு முக்கியக் காரணம். பாதி முளைத்த நிலையில் அது மற்றப் பற்களைவிடத் தாழ்ந்திருப்பதால் நேராகத் துலக்கினால் பிரஷ் படாது. கன்னப் பக்கத்திலிருந்து குறுக்காக நுழைத்துத் துலக்க வேண்டும். அதன் ஆழமான பள்ளங்களைப் பிசின் பூசி அடைத்துவிடும் சீலண்ட் என்ற சிகிச்சை வலியற்றது, துளையிடுதல் இல்லாதது. ஆறு வயதில் ஒருமுறையும், இரண்டாம் கடைவாய்ப் பல் வரும் பன்னிரண்டு வயதில் ஒருமுறையும் இதைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

பால்பல் விழுவதற்கு முன்பே அதன் பின்னால் நிலைப்பல் எட்டிப் பார்ப்பதும் இந்த வயதில் அடிக்கடி நிகழ்வதுதான். பெரும்பாலும் பால்பல் தானே விழுந்துவிடும். இரண்டு மூன்று மாதங்கள் ஆகியும் ஆடாமல் நின்றால் காட்டினால் போதும். விரல் சூப்பும் பழக்கம் நான்கு வயதுக்குள் தானாக நின்றுவிட்டால் கவலை வேண்டாம். நிலைப்பற்கள் வரும்வரை நீடித்தால் முன்பற்கள் முன்தள்ளும்.

பெரியவர்களில் சிலருக்குத் தனிக் கவனம்

கருவுற்ற பெண்களுக்கு ஹார்மோன் மாற்றத்தால் ஈறு எளிதில் வீங்கி இரத்தம் கசியும். கர்ப்ப காலத்தில் பல் சிகிச்சையே கூடாது என்று தள்ளிப்போடுவது தவறு. சுத்தம் செய்வதும் சொத்தையை அடைப்பதும் பாதுகாப்பானவை, கர்ப்பத்தின் நடுப்பகுதி அதற்கு வசதியான காலம். நீரிழிவு உள்ளவர்களுக்கு ஈறு நோய் எளிதில் வரும். வந்த ஈறு நோய் இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்கும். புகையிலை இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால், ஈறு நோய் முற்றிய நிலையிலும் இரத்தம் கசியாமல் இருக்கலாம்; கசிவு இல்லாததை வைத்து ஈறு நலம் என்று புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள் எண்ணிவிடக் கூடாது.

வயது ஏற ஏற ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும். வேரின்மீது எனாமல் இல்லை. லேசான அமிலத்திலேயே அது கரையும். இரத்த அழுத்தம், மனச்சோர்வு, ஒவ்வாமை முதலியவற்றுக்கான பல மருந்துகள் உமிழ்நீரைக் குறைப்பதும் இதோடு சேரும்போது, அறுபது வயது வரை சொத்தையே இல்லாதவருக்குத் திடீரென்று பல பற்களில் வேர்ச் சொத்தை தோன்றக்கூடும். வாய் வறண்டால் மருந்தைத் தாமாக நிறுத்தாமல், மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அடிக்கடி தண்ணீர் பருகுவதும், சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லுவதும், கூடுதல் ஃபுளோரைடு உள்ள பற்பசையை மருத்துவரின் பரிந்துரைப்படி பயன்படுத்துவதும் உதவும். கழற்றி மாட்டும் பல்செட்டை இரவில் கழற்றி, தனி பிரஷ்ஷால் துலக்கி, தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். கொதிநீர் அதன் வடிவத்தைக் கெடுக்கும்.

மருத்துவரிடம் எப்போது

குழந்தையை முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டுங்கள். பிறகு ஆறு மாதத்துக்கோ ஓர் ஆண்டுக்கோ ஒருமுறை என்பதை, அவரவர் வாயின் நிலையைப் பார்த்து மருத்துவர் சொல்வார். காரையை அகற்றினால் பல் ஆடும் என்ற அச்சத்தால் பலர் அதைத் தவிர்க்கிறார்கள். பல்லைத் தாங்குவது எலும்பு, காரை அன்று. எலும்பு ஏற்கனவே கரைந்திருந்தால், அதை மறைத்திருந்த காரை நீங்கியதும் ஆட்டம் தெரிய வருகிறது. காரையை அங்கேயே விட்டிருந்தால் மிச்சமிருக்கும் எலும்பும் கரையும்.

வாய்ப்புண்ணோ வெள்ளை, சிவப்புத் திட்டோ இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே காட்ட வேண்டும். வாய்ப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. பல்வலியோடு முகம் வீங்கி, காய்ச்சலோ, விழுங்குவதில் சிரமமோ, வாய் திறக்க முடியாமையோ இருந்தால் அது அவசர நிலை. மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வலிக்கும் பல்லின் அருகே ஈறில் ஆஸ்பிரின் மாத்திரையை வைப்பது தோலை எரித்துப் புண்ணாக்கும்.

விளையாட்டிலோ விபத்திலோ நிலைப்பல் முழுதாகக் கழன்று விழுந்தால், அதைக் காப்பாற்ற முடியும். ஆனால் நேரம் மிகக் குறைவு. பல்லை வேர்ப்பகுதியில் தொடாமல், மேல்பகுதியைப் பிடித்து எடுங்கள். அழுக்கு இருந்தால் பாலிலோ தண்ணீரிலோ சில நொடிகள் மட்டும் அலசுங்கள். தேய்க்கக் கூடாது, துடைக்கக் கூடாது. விழுந்தவர் நினைவோடு இருந்தால், பல்லை அதன் குழியிலேயே சரியான பக்கம் பார்த்துப் பொருத்தி, ஒரு துணியை மெல்லக் கடித்துக்கொள்ளச் செய்யுங்கள். பொருத்த முடியாவிட்டால் குளிர்ந்த பாலில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். வெறும் தண்ணீரில் வைத்தால் வேரைச் சுற்றியுள்ள செல்கள் இறந்துவிடும். ஒரு மணி நேரத்துக்குள், முடிந்தால் அரை மணிக்குள், பல் மருத்துவரை அடைய வேண்டும். விழுந்தது பால்பல் என்றால் அதைத் திரும்பப் பொருத்தக் கூடாது, அடியில் உள்ள நிலைப்பல்லின் மொட்டு நசுங்கும். பல்லின் துண்டு எதுவும் மூச்சுக்குழாயிலோ உதட்டிலோ சிக்கியிருக்கவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு, குழந்தையை அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.